பந்தலுக்கு மேலே கேட்கும் சத்தம்

2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்த நாலு நாளும் சுருளிப்பட்டி டீக்கடையில் ஆளாளுக்கு விமானப்படைத் தளபதி. ரஃபேல் எத்தனை, ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று, திராட்சைக்கு விலை பேச வந்த வியாபாரிகூடக் கணக்குச் சொன்னார். எல்லாம் மேலே பறப்பவனின் கணக்கு. அதைக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் விமானப் போர் என்னவென்று கீழே நிற்பவனைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர்த் திராட்சைத் தோட்டங்களெல்லாம் பந்தல். கொடி தழைத்துவிட்டால் உள்ளே நிற்பவனுக்கு வானம் தெரியாது. பக்கத்தில் மருந்தடிக்கும் டிரோன் கிளம்பினால் இரைச்சல் மட்டும் வரும். எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். மருந்தடிக்கிற மிஷின்தான் என்று தெரிந்தும் கை ஒரு நிமிஷம் வேலையை நிறுத்தும். இலங்கைப் போரின்போது வன்னியில் இருந்தவர்களுக்கு இந்தத் தேடல்தான் வாழ்க்கை. வேவு விமானத்தை ‘வண்டு’ என்பார்கள். அது சுற்றிவிட்டுப் போனால் பின்னாலேயே குண்டு போடும் கிபிர் விமானம் வரும் என்று, வளவுக்குள் வெட்டிய பதுங்கு குழியில் பிள்ளைகளை இறக்கினார்கள். சமையல், பள்ளிக்கூடம், உறக்கம் எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தம்தான் நேரம் குறித்தது. குண்டு விழுந்த நிமிஷங்களைவிட, விழுமோ என்று கழிந்த வருஷங்கள் அதிகம்.

குண்டே விழாமலும் ஊரைக் காலி பண்ணலாம். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது சென்னைதான் என்று லட்சக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். கூண்டு உடைந்து வெளியே வந்துவிட்டால் என்னாவது என்று மிருகக்காட்சி சாலையிலிருந்த சிங்கம் புலிகளைப் போலீஸை விட்டுச் சுட்டார்கள். ஜப்பான் கப்பல்படையோ வந்த வழியே திரும்பிவிட்டது.

‘துல்லியத் தாக்குதல்’ என்று டிவியில் சொல்லும்போது எனக்கு நவாலி ஞாபகம் வரும். 1995 ஜூலை 9, யாழ்ப்பாணம். இலங்கை ராணுவம் முன்னேறுகிறது என்று வீடுவாசலை விட்டு ஓடிவந்தவர்கள் புனித பேதுரு தேவாலயத்தில் தங்கியிருந்தார்கள். வழிபாட்டுத் தலங்களில் போய் இருங்கள் என்று சொன்னதும் அரசுதான். அரசின் விமானம் போட்ட குண்டில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விடுதலைப் புலிகளையும் வானிலிருந்து அடிக்கும் ஆசை விடவில்லை. 2007 ஏப்ரலில், உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கொழும்பைச் சின்ன விமானங்களை அனுப்பி இருட்டில் உட்கார வைத்தார்கள். அதனால் போரின் போக்கு மாறியதா? இல்லை. விமானம் அடித்துவிட்டுப் போகும். ஒரு குழி நிலத்தைக்கூட அதனால் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

இப்போது டிரோன் காலம். நம் வீரர் யாரும் சாகாத போர் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். 2019 பிப்ரவரி 27 அன்று நம் விமானப்படை விமானி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டபோது, மார்ச் 1 இரவு அவர் வாகா வழியாக நடந்து வரும்வரை நாடே பதறியது. சண்டை பெரிதாகாமல் நின்றதற்கு அந்தப் பதற்றமும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். டிரோன் விழுந்தால் யார் பதறப் போகிறார்கள்? அடுத்ததை அனுப்பச் சொல்வார்கள். கீழே இருப்பவனுக்கு அதனால் ஒரு குண்டுகூடக் குறையாது.