கடன் கட்ட முடியாதது குற்றம் அல்ல

திண்டிவனம், மயிலம், மரக்காணம் பக்கத்துக் காலனிகளில் வாரத்தின் நாட்களுக்கு இப்போது வேறு பெயர்கள் இருக்கின்றன. செவ்வாய் ஒரு கம்பெனியின் டியூ, வியாழன் இன்னொரு கம்பெனியின் டியூ. நான்கு நாள் மழை பெய்து நடவு வேலை நின்றாலோ, நூறு நாள் வேலைச் சம்பளம் தள்ளிப்போனாலோ தவணை தவறும். அன்று சாயங்காலமே வசூல்காரர் குழுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துவிடுவார். தெருவே வேடிக்கை பார்க்கும். இந்த வசூலின் ஆயுதம் அவமானம். அவமானம் எப்படி வேலை செய்யும் என்பது தலித் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

நம்மில் படித்தவர்கள்கூட "வாங்கினால் கட்டித்தானே ஆகணும்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். கட்ட வேண்டும்தான். ஆனால் கட்ட முடியாமல் போனால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. பெரிய கம்பெனிகள் அதை வரி விடாமல் பயன்படுத்துகின்றன. 2016-இல் வந்த திவால் சட்டத்தின் கீழ் தீர்வு கண்ட கம்பெனிகளிடமிருந்து கடன்காரர்களுக்குத் திரும்பி வந்தது, அவர்கள் கேட்ட தொகையில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுதான். அந்த முதலாளிகளின் வாசலில் யாரும் உட்காரவில்லை.

வாசலில் இருந்தே தொடங்குவோம். சிறு கடன்களுக்கான ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி, தவணையை இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது. உறவினரை, நண்பரை, உடன் வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது. வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுப்பதே விதிமீறல். மீறினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் இயற்றிய சட்டம் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. சாதியைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும். செங்கல் சூளையிலும் கரும்பு வெட்டிலும் முன்பணத்துக்காக இருளர் குடும்பங்களைப் பிடித்து வைத்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோ விசாரித்து விடுதலைச் சான்று தர வேண்டும்.

அடுத்தது கோர்ட். நம் மக்கள் அதிகம் தோற்பது இங்கேதான். சம்மன் வந்தால் பயந்து வாங்க மறுக்கிறார்கள், அல்லது வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு வரும். அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட வேண்டும்.

தீர்ப்பு வந்த பிறகும் எல்லாவற்றையும் பிடுங்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு துணிமணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, கூலியாளின் கூலி, மத வழக்கப்படி பெண் கழற்றாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்யத் தடை விதிக்கிறது. விவசாயியும் கூலித் தொழிலாளியும் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு, அதை அடமானம் வைக்காத வரை. பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைச் சிறையில் அடைக்க முடியாது என்கிறது 56-ஆம் பிரிவு. ஏழ்மையால் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். ஒரு எச்சரிக்கை: காசோலை திரும்பினால் அது குற்ற வழக்கு. கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை யாருக்கும் கொடுக்காதீர்கள். காசோலை நோட்டீஸ் வந்தால், 15 நாளுக்குள் வக்கீலைப் பாருங்கள்.

வக்கீலுக்குப் பணம்? தலித், பழங்குடி மக்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தரும் உரிமை இது. விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழுவும் திண்டிவனத்தில் வட்டக் குழுவும் கோர்ட் வளாகத்திலேயே இயங்குகின்றன. உதவி எண் 15100.

கடைசி வழி, ஊரில் 'மஞ்சள் கடுதாசி' என்று கேலி பேசும் திவால் மனு. 1920-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலச் சட்டம்தான் இன்றும் நம் மாவட்டங்களில் தனிநபர்களுக்கு இருக்கிறது. மனு ஏற்கப்பட்டால் கடன்காரர்கள் கோர்ட்டைக் கேட்காமல் நம்மீது கை வைக்க முடியாது. பதிலுக்கு, விலக்குப் பெற்ற பொருட்கள் போக மீதிச் சொத்து கோர்ட்டின் கைக்குப் போகும்.

கம்பெனிகளுக்கு வழி திறந்த அதே 2016 சட்டத்தில் ஏழைகளுக்கும் 80-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. சிறிய கடன்களை முழுமையாக நீக்கிப் புதிதாகத் தொடங்க விடும் பிரிவு. அதை ஒன்றிய அரசு இன்னும் நடைமுறைக்குக் கொண்டு வரவில்லை. கொண்டு வந்தாலும் ஆண்டு வருமானம் 60,000-க்குள், கடன் 35,000-க்குள், சொத்து 20,000-க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக்கூடாது. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் சொந்தமாக வாழும் ஒரு காலனிப் பெண் இந்தப் பிரிவுக்குள் வரவே முடியாது. அந்தப் பிரிவை அமலாக்கு, வரம்பை உயர்த்து, குடியிருக்கும் வீட்டுக்கு விலக்குக் கொடு என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் பஞ்சமி நிலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா இருக்க முடியாது. மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் கடன் அட்டை, ரசீது, நோட்டீஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். தேதிகளைக் குறியுங்கள். வாசலில் நடக்கும் மிரட்டலை வீடியோ எடுங்கள். சம்மன் வந்த அக்காவைத் தனியாக விடாமல் கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தெருவாகச் சேர்ந்து போய் மனு கொடுங்கள். தெருவையே கூட்டி அவமானப்படுத்தும் வசூலுக்கு, தெருவே கூடி நிற்பதுதான் பதில்.

ஜெய் பீம்.