தர்மாஸ்பத்திரியா, பெரியாஸ்பத்திரியா?

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியின் வரலாற்றைப் பேசப் புகுவோருட் பலர் டைக் துரையின் பெருங்கருணையைப் பாடித் தொடங்குகின்றனர். அவ்விடத்திலேயே முடித்தும் விடுகின்றனர். வடமாகாண ஏசண்டராயிருந்த பேர்சிவல் ஆக்லண்ட் டைக் 1850இல் அதனைத் தோற்றுவித்தார் என்பது உண்மை. அவர்தம் திறமையை நாம் குறைத்துரைக்க வேண்டியதில்லை. ஆயின், உழவன் விளைவித்த நெல்லுக்கும் 1892 வரை வரி வாங்கிய ஓர் அரசு, அவ்வுழவனின் நோய்க்கு மருந்திடும் பொறுப்பைத் தரும சங்கமொன்றின் தலையிற் சுமத்தியது ஏன்? இவ்வினாவை அவர்கள் எழுப்புவதேயில்லை.

‘பிரெண்ட் இன் நீட் சொசைட்டி’ என்பது அச்சங்கத்தின் பெயர். இடுக்கணுற்ற வேளையில் உதவும் நண்பர் என்பது பொருள். நல்ல பெயர்தான். ஆனால் நண்பர் உதவலாம்; உதவாதும் விடலாம். ஏன் உதவவில்லையென்று அவரைக் கேட்க நோயாளிக்கு உரிமை கிடையாது. 1907இல் அரசு பொறுப்பேற்கும் வரை, 57 ஆண்டுகள், இந்நகரத்து ஏழையின் உயிர் இத்தகைய நட்பிலேயே தொங்கியது.

அதே காலத்தில், நகருக்கு அண்மையிலுள்ள மானிப்பாயில் வேறொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ முதலான நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அவருக்குச் சமயப் பரப்பு நோக்கம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், மருந்தைக் கொடுப்பது ஒன்று. மருத்துவ அறிவையே மக்கள் மொழியில் ஒப்படைப்பது முற்றிலும் வேறொன்று. இன்றோ, தன் கிளினிக் கொப்பியில் தன்னைப்பற்றி எழுதப்பட்டிருப்பதை வாசிக்கமாட்டாத நோயாளி, ஆங்கிலம் படித்த அயலவரைத் தேடிச் செல்கிறார்!

1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டது. தருமம் உரிமையானது அப்போதுதான். அவ்வுரிமையில் முதலிற் கைவைத்தவர்கள் யார்? நமக்குக் கசப்பாயினும் சொல்லியாக வேண்டும்: இடதுசாரிகளும் பங்குகொண்ட அரசே 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியது. ‘அற்பத் தொகை’ என்றனர். அவ்வற்பத் தொகைக்கே சிகிச்சைக்கு வருவோர் தொகை குறைந்தது. 1977இல் அது நீக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்குப்பின் தனியார் தொழில் புரியவும் வழி திறந்துவிடப்பட்டது.

1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்தியப் படை இவ்வைத்தியசாலையினுட் புகுந்தது. இரு நாட்களில் நோயாளரும் ஊழியருமாக 60க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரமும் அவருள் ஒருவர். நகரம் வெறிச்சோடிய பின்னரும் வார்டை விட்டகலாது நின்றவர்கள் அவர்கள். நன்கொடையாளர் பெயர்களை மட்டும் கோத்து எழுதப்படும் வரலாற்றில் இத்தாதியருக்கும் சிற்றூழியருக்கும் எங்கே இடம்?

2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. புலம்பெயர்ந்த நம்மவர் அனுப்பிவைத்தனர். அவ்வுதவி பல உயிர்களைக் காத்தது. அதனை இகழ்வோன் மனிதனல்லன். ஆனால் அரசு அக்கொடையை நம்பித் தன் கையைக் கழுவிக்கொள்ளுமாயின், நாம் மீண்டும் 1850இலேயே நிற்கிறோம். துரைமாருக்குப் பதிலாக ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் உறவினர், அவ்வளவே. ‘வசதியுள்ளவர் பணம் கட்டட்டும்’ என்று இன்று உபதேசிக்கும் கனவான்கள், வசதியை அளப்பவர் யார், எந்த வாசலில் வைத்து அளப்பார் என்பதையும் கூறட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊர்ச் சங்கம் அடுத்த முறை மருந்துப் பெட்டியொன்றைக் கையளிக்கும்போது, படம் பிடிப்பதற்கு முன், அம்மருந்து அரசாங்கக் களஞ்சியத்தில் இல்லாமற் போனது எவ்வாறென்று கேட்டுச் சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வராவிடின், மறுமாதமும் எழுதுங்கள்.