15 நாட்களும் 12 வாரங்களும்

அறுந்துபோன கைத் தசைநாணைத் தைப்பது ஓரிரு மணி நேர வேலை. தைத்த விரல் மீண்டும் மடங்குமா என்பதைத் தீர்மானிப்பவை அதன்பின் வரும் வாரங்கள். மருத்துவக் கட்டணக் குறியீடுகளோ பெரும்பாலும் முன்னதையே எண்ணுகின்றன.

உள்ளங்கையில் விரல்களை அடுத்துள்ள கோட்டிலிருந்து விரலின் நடு எலும்பு வரையிலான பகுதி 'இரண்டாம் மண்டலம்' எனப்படும். அங்கே இரு மடக்குத் தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் வழுக்கி ஓடுகின்றன. தைத்த இடம் உறையோடு ஒட்டிக்கொண்டால் விரல் விறைத்துப்போகும். மிகையாக இழுத்தால் தையல் அறுந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே விரலை நாள்தோறும் அளவாக அசைக்கப் பழக்குவதே இயன்முறைச் சிகிச்சையின் பணி. சுமார் 6 வாரங்கள் காப்புப் பட்டை தேவை. முழு வலுவுடன் பற்ற ஏறக்குறைய 12 வாரங்கள் ஆகும்.

அமெரிக்கக் குறியீட்டு முறை இச்சிக்கலை ஓரளவு அறிந்திருக்கிறது. இரண்டாம் மண்டலத் தையலுக்கு 26356, பிற இடங்களுக்கு 26350 எனத் தனித்தனி எண்கள். ஒவ்வொரு தசைநாணுக்கும் தனிக் கணக்கு. பின்தொடரும் பயிற்சிக்கும் தனிக் குறியீடுகள் உண்டு. அம்முறையின் செலவும் சிக்கலும் நாம் பின்பற்றத் தக்கவை அல்ல. ஆனால் பயிற்சியைச் சிகிச்சையாகவே எண்ணும் பார்வை கொள்ளத் தக்கது.

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தொகுப்புக் கட்டண முறையில் காப்பளிக்கிறது. தொகுப்புமுறை மிகைக் கட்டணத்தைத் தடுக்கிறது என்பது நியாயமான வாதமே. ஆயினும், மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின் 15 நாட்கள் வரையிலான செலவே அதன் பொது வரம்பு. தசைநாணின் காலக்கணக்கு அவ்வரம்புக்குள் அடங்குவதில்லை. நாட்கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் கொடுத்துப் பயிற்சிக்கு வர இயலாத தொழிலாளிக்கு எஞ்சுவது விறைத்த விரல். பதிவேட்டிலோ அது நிறைவுற்ற சிகிச்சை.

இந்தியாவுக்கு இது புதிய பாடமன்று. வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்த பால் பிராண்ட், அக்கைகளுக்குப் பயிற்சியும் தொழிலும் அளிக்கும் மறுவாழ்வுப் பணியையும் உடன் நடத்தினார்.

ஆகவே, தசைநாண் தொகுப்புடன் 12 வாரப் பயிற்சிக்கான துணைக்குறியீடு ஒன்று இணைக்கப்பட வேண்டும். நோயாளி வரும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம், அவரது பயணச் செலவு, இறுதியில் விரலின் மடங்கு கோணத்தின் பதிவு ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். தைத்த தசைநாண்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், மீண்டும் மடங்கிய விரல்களின் எண்ணிக்கையே ஒரு பொது நலத்திட்டத்துக்குரிய அளவுகோல்.