நீரிழிவுத் தடுப்பு அங்கன்வாடியில் தொடங்க வேண்டும்

நீரிழிவை மிகுதியின் விளைவாக மட்டுமே காண்பது நம் பொதுப்பேச்சில் ஊறிப்போன வழக்கம். அளவுக்கு மீறி உண்டவர், உடலுழைப்பைக் கைவிட்டவர் என்று நோயாளியே குற்றவாளி ஆக்கப்படுகிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்கள் அனைவரையும் பெருந்தீனிக்காரர் என்று கொள்ள இயலாது. பற்றாக்குறையும் இந்நோய்க்கு வித்திடக்கூடும் என்பதற்கு ஐதராபாத்தை ஒட்டிய சிற்றூர்களிலேயே சான்று உண்டு.

திருமுல்கேரியைப் போலவே செகந்திராபாத் பக்கத்தில் அமைந்த தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இயங்குகிறது. 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பணியின் வழிவந்த இந்நிறுவனம், 1987 முதல் 1990 வரை ஓர் ஆய்வை நடத்தியது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் எட்டியிருந்த 15 ஊர்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கூடுதல் உணவு வழங்கப்பட்டது. திட்டம் இன்னும் எட்டாத 14 ஊர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. அப்போது அறிய விரும்பியது பிறப்பு எடையைப் பற்றி. நீரிழிவைப் பற்றி அன்று.

ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்து, சஞ்சய் கின்ராவும் அந்நிறுவன ஆய்வாளர்களும் அதே ஊர்களுக்குத் திரும்பி, 13 முதல் 18 வயது வரையிலான 1,165 பேரைப் பரிசோதித்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, கூடுதல் உணவு வழங்கப்பட்ட ஊர்களின் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தனர். அவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு 20 விழுக்காடு குறைவு. இரத்தக் குழாய்களின் விறைப்பும் குறைவு. உடற்கொழுப்பின் அளவிலோ பெரிய வேறுபாடு இல்லை.

புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் மேற்கொண்ட ஆய்வுகள் இதனை விளங்கிக்கொள்ள உதவுகின்றன. அவர் ஆராய்ந்த சிற்றூர்க் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. எடை குறைந்த அக்குழந்தைகளிடம் தசை குன்றியிருந்ததே ஒழியத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குருதியிலுள்ள சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசை. கருவில் உணவு போதாதபோது மூளையைக் காக்கும் பொருட்டு உடல் தசையையும் கணையத்தையும் சுருக்கிக்கொள்கிறது என்பது இத்துறையில் செல்வாக்குள்ள கருத்து. அத்தகைய உடலுக்குப் பின்னாளில் சாதாரண உணவே சுமையாகிவிடலாம்.

ஐதராபாத் ஆய்வுக்கு வரம்புகள் உண்டு. ஊர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. திட்டத்தில் உணவோடு தடுப்பூசி முதலிய பணிகளும் சேர்ந்தே நடந்தன. தொடக்கத்தில் இடம்பெற்ற குழந்தைகள் அனைவரும் பின்னர்ப் பரிசோதனைக்கு வரவில்லை. எனவே இதனை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. உணவு எப்போதும் நன்மையே தரும் என்று எளிமைப்படுத்துவதும் பிழை. இரண்டு வயதில் மெலிந்திருந்து, அதன்பின் பன்னிரண்டு வயதுக்குள் உடல் நிறை குறியீட்டெண் விரைந்து ஏறியவர்களிடமே பின்னாளில் சர்க்கரைக் கோளாறு மிகுந்திருந்ததை 2004இல் வெளியான டெல்லி ஆய்வு காட்டியது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் தவறவிட்டதைப் பள்ளிப் பருவத்தில் ஈடுசெய்ய முனைவது வேறு விளைவைத் தரக்கூடும். ஆகவே உணவின் அளவைப் போலவே அது கிடைக்கும் காலமும் முக்கியம்.

இருந்தும் நமது நீரிழிவுக் கொள்கை முப்பது வயதுக்கு மேற்பட்டோரின் பரிசோதனையிலும் மாத்திரையிலுமே தொடங்குகிறது. அங்கன்வாடி உணவோ ஏழைகளுக்கான உதவிச் செலவாக மட்டும் கணக்கில் ஏறுகிறது. நிதி நெருக்கடியில் முதலில் வெட்டப்படும் இடத்தில் நிற்கிறது. அதனை நீரிழிவுத் தடுப்புச் செலவாகவும் கணக்கிட வேண்டும். கர்ப்பிணியின் எடை, குழந்தையின் பிறப்பு எடை, இரண்டு வயது வரையிலான வளர்ச்சி ஆகிய பதிவுகளைப் பிற்கால மருத்துவப் பதிவோடு இணைக்க வேண்டும். பழைய ஊர்களுக்குத் திரும்பிச் சென்றதால்தான் ஐதராபாத் ஆய்வு சாத்தியமாயிற்று. மூன்றாண்டு நிதியோடு முடிந்துபோகும் ஆய்வுத் திட்டங்களால் இத்தகைய கேள்விக்கு விடை காண முடியாது என்பதைப் பல்கலைக்கழகங்களும் நிதி வழங்கும் அமைப்புகளும் உணர வேண்டும்.