பொன்னாடை போர்த்துவதா பாராட்டு?

நமது வட்டாரத்தில் ஒரு நடிகரோ பாடகரோ நாடகக்காரரோ பாராட்டுப் பெறுவதற்கு இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, அறுபது வயதைத் தாண்டி மேடையில் அமர்ந்து, யாரோ ஒரு பிரமுகரின் கையால் பொன்னாடையை வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றது, மௌத்தாகிவிட வேண்டும். முதலாவது நடந்தால் பத்திரிகையில் ஒரு படம் வரும். இரண்டாவது நடந்தால் சஞ்சிகையில் ஒரு பக்க அஞ்சலி வரும். இரண்டிலும் அவர் என்ன செய்தார் என்பது மட்டும் வராது.

அந்த அஞ்சலிகளின் மொழி நமக்கெல்லாம் மனப்பாடம். பல்துறை ஆற்றல் மிக்கவர், பழகுவதற்கு இனியவர், சமூகத்துக்குப் பெருமை தேடித் தந்தவர், அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. பெயரை மாத்திரம் மாற்றிவிட்டால் இது ஒரு பாடசாலை அதிபருக்கும் பொருந்தும், பள்ளிவாசல் நிர்வாகிக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்தும் புகழ்ச்சி எவரைப் பற்றியதும் அல்ல. கவிஞர் ஒருவர் மறைந்தால் அவரது கவிதையிலிருந்து இரண்டு வரியையாவது எடுத்துக் காட்டுகிறோம். நடிகர் மறைந்தால் அவர் நடித்த ஒரு காட்சியைக்கூட நம்மால் விபரிக்க முடிவதில்லை. காரணம், நாம் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எழுதத்தக்க ஒரு விடயமாக அதை எண்ணவில்லை.

கலைஞரைப் பாராட்டுவதென்றால் முதலில் அவரது தொழிலைக் கவனிக்க வேண்டும். எப்போது, எங்கே, யாரிடம் கற்றார், எதைச் செய்தார், எப்படிச் செய்தார், அதனால் அவருக்குச் சோறு கிடைத்ததா என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் போர்த்தும் பொன்னாடை, அவரை மூடி மறைக்கும் துணிதான்.

மார்க்கப் பிரச்சினையை முதலிலேயே பேசிவிடுவோம். இசையும் நடிப்பும் கூடாதென்று உளமார நம்பி, அவற்றிலிருந்து ஒதுங்கி வாழ்பவரோடு எனக்கு இங்கே வழக்கில்லை. அவர் தனது நம்பிக்கைக்கு நேர்மையாக இருக்கிறார். எனது வழக்கு, வீட்டில் இருந்து பாட்டுக் கேட்டு, திரையரங்குக்குப் போய்ப் படம் பார்த்து, நண்பர்களோடு அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, பேனாவைக் கையில் எடுத்ததும் அந்தக் கலைஞர்களை அறியாதவர்போல் நடந்துகொள்ளும் எழுத்தாளரோடுதான். இவருக்கு மார்க்கமும் தடையல்ல, இரசனையும் குறைவல்ல. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் உண்டு. அந்தப் பயத்துக்கு இலக்கியத் தரம் என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்.

மொஹிதீன் பேக்கை எடுத்துக்கொள்வோம். 1919இல் தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்தவர். 1930களின் தொடக்கத்தில் சிறுவனாக இலங்கைக்கு வந்தார். அந்தத் தசாப்தத்திலேயே அவரது குரல் இசைத்தட்டில் ஏறிவிட்டது. 1947ஆம் ஆண்டு சிங்களப் பேசும்படம் பிறந்த ஆண்டு. அதே ஆண்டில் வந்த ‘அசோகமாலா’வில் அவர் பாடினார். அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் முஹம்மது கவுஸ். கவுஸ் மாஸ்டர் என்றால் அக்காலத்து இசைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பின்னர் அமரதேவ என்று நாடறிந்த அல்பர்ட் பெரேராவும் அதே படத்தில்தான் இளைஞராக அறிமுகமானார். அதன் பிறகு 1991இல் காலமாகும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக பேக்கின் குரல் சிங்களத் திரையிலும் வானொலியிலும் ஒலித்தது. அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இல்லாமல் வெசாக் தினம் போவதில்லை.

இந்த மனிதரை நாம் என்ன செய்தோம்? நம்மில் ஒரு சாரார் பேசாமல் இருந்துவிட்டார்கள். முஸ்லிம் ஒருவர் புத்தரைப் பாடியது அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. மறுசாரார் அவரை ஒரு சான்றிதழாக்கினார்கள். 2014இல் அளுத்கம எரிந்தபோதும் 2018இல் திகன எரிந்தபோதும், நாங்களும் இந்த நாட்டவர்தான் என்று சொல்ல வேண்டிய அவலம் நமக்கு வந்தது. அப்போது நமது அலுமாரியிலிருந்து நாம் எடுத்துக் காட்டும் முதல் பெயர்களில் ஒன்று மொஹிதீன் பேக். ‘பாருங்கள், உங்கள் வெசாக் பாட்டைப் பாடியவர் எங்கள் ஆள்.’ காட்டிய பிறகு திரும்பவும் அலுமாரியைப் பூட்டிவிடுவோம்.

இந்த இரண்டு சாராரும் தமக்குள் சண்டை பிடித்தாலும் ஒரு விடயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள். இருவருமே அவரது பாட்டைக் கேட்கவில்லை. சிங்களம் தாய்மொழியல்லாத ஒருவர், தாய்மொழிக்காரர் குறை சொல்ல முடியாதபடி அதன் உச்சரிப்பை எப்படி வசப்படுத்தினார்? வட இந்திய இசையின் நீட்டலும் குழைவும் அவரது தொண்டைக்குள் எப்படி வந்தன? ஆரம்பகாலச் சிங்களப் படங்கள் ஹிந்தி, தமிழ் மெட்டுக்களை அப்படியே வாங்கி அவற்றுக்குச் சிங்கள வரிகளை இட்டுக்கொண்டன. அந்தக் காலத்தில் மெட்டையும் மொழியையும் பொருத்திக் காட்டும் வேலை பாடகரின் தலையில் விழுந்தது. அதற்கு பேக் போன்ற ஒருவர் ஏன் தேவைப்பட்டார்? பிறகு சிங்கள இசை தனக்கென்று ஒரு தனித்துவம் தேடி அந்த மெட்டுக்களை விட்டு விலகியபோது அவரது இடம் என்ன ஆனது? இவையெல்லாம் இலக்கியக் கேள்விகள். ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடினார் என்று மேடையில் சொல்கிறோம். அந்த ஆயிரங்களில் ஐம்பதையேனும் ஆண்டுவாரியாக நிரல்படுத்தி நமது சஞ்சிகையொன்றில் போட நமக்கு மனம் வரவில்லை.

வெளியூர்க் கலைஞர்களுக்கும் நம்மிடம் இதே கதிதான். 2021 ஜூலையில் திலீப்குமார் காலமானபோது பெஷாவரில் பிறந்த முஹம்மது யூசுப்கான்தான் அவர் என்பதை ஏதோ புதையலைக் கண்டெடுத்ததுபோல் ஆளுக்கு ஆள் சொன்னோம். அது உண்மைதான். ஆனால் அது அவரது பிறப்பு, அவரது நடிப்பல்ல. 1960இல் வந்த ‘முகலே ஆஸம்’ படத்தில், அக்பராக வந்த பிருதிவிராஜ் கபூர் மேடை நாடகத்தில் வளர்ந்த கம்பீரக் குரலால் முழங்குகிறார். எதிரே நிற்கும் சலீமாகிய திலீப்குமார் குரலைத் தாழ்த்தி, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே மௌனம் விட்டுப் பேசுகிறார். தந்தைக்கும் மகனுக்கும் மட்டுமன்றி நாடக மேடைக்கும் திரைக்குமான மோதலும் அங்கே நடக்கிறது. அடுத்த ஆண்டில் வந்த ‘கங்கா ஜம்னா’வில் அவர் கிராமத்துப் பேச்சுவழக்கையே நாயகனின் மொழியாக்கினார். பேச்சுத் தமிழை இலக்கியத்தில் கொண்டுவரலாமா என்று பல்லாண்டு காலம் வாதிட்ட நாம், அதைக் கண்டிருந்தால் எவ்வளவு பேசியிருக்கலாம்! நாம் பேசியதோ அவரது பெயரை.

நமக்கு மிக அருகில் உள்ள இன்னொன்றுக்கு வருவோம். இலங்கை வானொலியில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ ஒலித்த காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1976இல் அது ‘கோமாளிகள்’ என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரமாக வாழ்ந்தவர் எஸ். ராமதாஸ். ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களத் தொனியில் தமிழ் பேசும் உபாலியாகவும் வந்தார்கள். முஸ்லிமல்லாதவர் மரிக்கார், முஸ்லிம் ஐயர்! இப்படியொரு மாற்றத்தை ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் திட்டமிட்டுச் செய்திருந்தால் அதற்கு எத்தனை கருத்தரங்குகள் நடந்திருக்கும்? ஒரு பகிடி நாடகம் செய்ததால் அது வெறும் பொழுதுபோக்காகிவிட்டது.

ராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானார். மரிக்கார் ராமதாஸ் என்றே கடைசிவரை அழைக்கப்பட்டார். அதாவது நமது சமூகத்தின் ஒரு பெயரையே தன் பெயரின் முன்னால் சுமந்தவர் அவர். அவருக்கு நாம் செலுத்தியிருக்க வேண்டிய மரியாதை கண்ணீர் அஞ்சலி அல்ல, ஒரு காத்திரமான விமர்சனம். அந்த மரிக்கார் நம்மோடு சேர்ந்து சிரித்தாரா, நம்மைப் பார்த்துச் சிரிக்க வைத்தாரா? நமது பேச்சுவழக்கில் எதை அவர் சரியாகப் பிடித்தார், எதைக் கேலிக்காகப் பெருப்பித்தார்? முஸ்லிம் வீடுகளும் அந்த நிகழ்ச்சியை விரும்பிக் கேட்டதன் இரகசியம் என்ன? எண்பதுகளுக்குப் பின் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிய நாட்டில், இந்த நால்வரும் ஒரே ஒலிவாங்கியின் முன்னால் நின்று ஆளையாள் பகிடி பண்ணிக்கொண்ட அந்தச் சில ஆண்டுகள் எதைக் காட்டுகின்றன? கடுமையாக விமர்சித்தாலும் பரவாயில்லை. விமர்சிக்கப்படுவதும் கலைஞருக்கு ஒரு மரியாதைதான். கவனிக்கப்படாமல் விடப்படுவதுதான் அவமானம்.

சமூகப் பெருமைக்காகக் கலைஞரை உரிமைகோருவது நமக்கு மட்டும் உரிய நோயல்ல. ருக்மணி தேவியை நினைத்துப் பாருங்கள். 1923இல் றம்பொடையில் பிறந்தபோது அவரது பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். மினர்வா நாடகக் குழுவின் மேடையில் வளர்ந்தார். 1947 ஜனவரியில் திரைக்கு வந்த முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொரொந்துவ’வின் கதாநாயகி அவரே. மேடையிலும் ஒரே நேரத்தில் நடிக்கவும் பாடவும் வல்லவர். இன்று சிங்களவர் அவரைத் தமது முதல் நட்சத்திரம் என்கிறார்கள். தமிழர் அவர் எங்கள் ராசம்மா என்கிறார்கள். இரண்டும் சரி. ஆனால் பின்னாளில் பட வாய்ப்புக்கள் குறைந்து, ஊர் ஊராகக் களியாட்ட விழாக்களில் பாடிப் பிழைக்க வேண்டியிருந்த காலத்தில் அவரை உரிமைகோர யார் வந்தார்கள்? 1978 ஒக்டோபரில் மாத்தறையில் அப்படியொரு நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், ஜா-எலைக்கு அருகே நடந்த வாகன விபத்தில்தான் அவர் உயிர் போனது. ஐம்பத்தைந்து வயது. அதன் பிறகு நீர்கொழும்பில் சிலை எழுந்தது. கலைஞரின் பிழைப்பைப் பற்றி எழுதாத பாராட்டு, சிலைக்கு மாலை போடும் வேலையைத்தான் செய்யும்.

இங்கே சிலர் ஒரு நியாயம் சொல்லக்கூடும். சஞ்சிகை நடத்துவதே பெரும்பாடு, கவிதைக்கும் கதைக்குமே பக்கம் போதவில்லை, இதில் கூத்தாடிகளுக்கும் இடம் கொடுக்க வேண்டுமா என்று. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கலாநிதி ம.மு. உவைசும் பீ.மு. அஜ்மல்கானும் பெரும்பாடுபட்டு இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியிருக்காவிட்டால், நமது புலவர்களில் எத்தனை பேரின் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருக்கும்? வரலாறு தானாக எழுதப்படுவதில்லை. யாரோ ஒருவர் தூசி தட்டி, பெயரைக் கேட்டு, திகதியைச் சரிபார்த்து எழுதியதால்தான் அது வரலாறாயிற்று. கலைஞர்கள் விடயத்திலும் தனி மனிதர்கள் முயன்றிருக்கிறார்கள். இலங்கை எழுத்தாளர்களோடு ஊடகவியலாளர்கள், கலைஞர்களின் விபரங்களையும் தொகுதி தொகுதியாகத் திரட்டியவர் மர்ஹூம் பீ.எம். புன்னியாமீன். இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதையை எழுதியவர் தம்பிஐயா தேவதாஸ். அவர்கள் போட்ட அத்திவாரத்தின் மேல் ஒரு கல்லையாவது நாம் வைத்தோமா என்பதுதான் கேள்வி.

புலவரின் ஏட்டைக் கறையான் தின்றாலும் ஒரு பிரதி எங்கோ மிஞ்சும். படச்சுருள் அப்படியல்ல. 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது தீயில் போனது கட்டடம் மட்டுமல்ல. இந்த நாட்டுச் சினிமாவின் ஞாபகமும் சேர்ந்து எரிந்தது. நாடகத்தின் நிலை இன்னும் மோசம். திரை விழுந்ததும் அது பார்த்தவர் மனதில் மட்டும்தான் இருக்கும். பார்த்தவரும் போய்விட்டால் அது நடக்கவே இல்லை என்றாகிவிடும். வானொலி முஸ்லிம் நிகழ்ச்சியில் நடித்த குரல்கள், பாடசாலை மேடைகளில் நாடகம் போட்ட ஆசிரியர்கள், கிழக்கின் கிராமங்களில் பொல்லடியும் களிகம்பும் பழக்கிய அண்ணாவிமார், றபான் அடித்துப் பைத் பாடிய பக்கீர்மார் எல்லோரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சுவரொட்டியும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. நாமும் எழுதாவிட்டால் எதுவுமே இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமுமல்ல, பணம் தேவைப்படும் காரியமுமல்ல. ஒவ்வோர் இதழிலும் உயிரோடிருக்கும் ஒரு கலைஞருக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். அவரது வீட்டுக்குப் போய் ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு, எந்த மேடை, கூட நடித்தவர் யார், பெண் வேடம் கட்டியவர் யார், எவ்வளவு காசு கிடைத்தது என்று கேளுங்கள். ஒரு காட்சியை நடித்துக் காட்டச் சொல்லி, கண்டதை அப்படியே எழுதுங்கள். பழைய துண்டுப்பிரசுரம், புகைப்படம், கையெழுத்துப் பிரதி இருந்தால் பிரதியெடுத்து வையுங்கள். அவர் செய்ததில் எது சிறந்தது, எது சுமாரானது என்று உங்கள் அபிப்பிராயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பட்டம் கொடுக்காதீர்கள். பட்டம் கொடுக்க நமது ஊர்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை.

ஒவ்வோர் ஊரிலும் இப்படியான முதியவர் ஒருவராவது இன்று நோயோடும் ஞாபகமறதியோடும் போராடிக்கொண்டிருப்பார். நமது அடுத்த பாராட்டு விழாவுக்கான மண்டபக் கூலியையும் மாலைச் செலவையும் அவரது மருந்துக்குக் கொடுத்துவிட்டு, அவரோடு ஒரு பின்னேரம் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்டு வாருங்கள். அஞ்சலிக் குறிப்பு எழுத அவசரமில்லை. அதைப் பிறகும் எழுதலாம். அவரிடம் கேட்க வேண்டியவற்றைப் பிறகு கேட்க முடியாது.