கார்ட்டூன் குடும்பத்துக்கும் வயதாகட்டும்

மாணவர்களே, உப்பின், இப்பின் இருவருக்கும் இப்போது என்ன வயது? 2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் டிவி9-இல் முதன்முதலாக வந்தபோது அவர்களுக்கு ஐந்து வயது. கணக்குப்படி இந்நேரம் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இன்றும் தாடிகா மெஸ்ராவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்த நீங்கள் படிவம் நான்குக்கு வந்துவிட்டீர்கள். முத்து அங்கிளின் கடையில் ஒரு நாற்காலிகூட இடம் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நடந்தது. அமெரிக்காவில் 1997 முதல் 2010 வரை ஓடி நின்றுபோன ‘கிங் ஆஃப் தி ஹில்’ என்ற கார்ட்டூன் குடும்ப நகைச்சுவைத் தொடர், 15 ஆண்டுகளுக்குப் பிறகு புதிய சீசனுடன் திரும்பி வந்தது. மைக் ஜட்ஜும் கிரெக் டேனியல்ஸும் உருவாக்கிய தொடர் அது. டெக்சஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் புரோப்பேன் எரிவாயு விற்கும் ஹேங்க் ஹில், அவர் மனைவி பெக்கி, மகன் பாபி ஆகியோரின் கதை. திரும்பி வந்தவர்களுக்கு வயது கூடியிருக்கிறது. ஹேங்கும் பெக்கியும் சவூதி அரேபியாவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஓய்வு பெற்றவர்களாக நிற்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பையனாக விட்டுப்போன பாபி, 21 வயது சமையற்காரனாகி உணவகம் நடத்துகிறான். (15 ஆண்டு இடைவெளியில் எட்டு வயதுதான் கூடியிருக்கிறது. அந்தச் சிறிய மோசடியை மன்னித்துவிடலாம்.)

என் கருத்து இதுதான்: திரும்பி வரும் கார்ட்டூன் குடும்பம் வயதாகித்தான் வர வேண்டும். கதைக்கும் அது நல்லது, அறிவியலும் அதன் பக்கம்தான் நிற்கிறது.

குரலை எடுத்துக்கொள்ளுங்கள். பாபிக்குக் குரல் கொடுப்பவர் பமேலா அட்லன் என்ற நடிகை. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரில் 1989 முதல் பத்து வயதிலேயே நிற்கும் பார்ட்டுக்கும் நான்சி கார்ட்ரைட் என்ற பெண்தான் குரல். நம் உப்பின், இப்பின் இருவருக்கும் தொடக்கத்தில் பேசியவரும் நூர் ஃபாத்தியா டியாஸ் என்ற சிறுமியே. பையன்களுக்கு ஏன் பெண்கள்? உங்கள் வகுப்பைத் திரும்பிப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. பருவ வயதில் ஆண்களின் குரல்வளை பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையில் நீளமான, கனமான தந்தி தாழ்ந்த ஒலி தருவதுபோல, பையனின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. நொடிக்கு 250 முதல் 300 தடவை அதிர்ந்த நாண், வளர்ந்த ஆணில் 100 முதல் 150 தடவைதான் அதிர்கிறது. தொடருக்காக ஒரு பையனைப் பிடித்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவன் குரல் உடைந்துவிடும். வளர்ந்த பெண்ணின் குரலோ பல பத்தாண்டுகள் பெரிதாக மாறாது.

இப்போது அட்லனின் சங்கடத்தை யோசியுங்கள். பாபி இளைஞன். குரலின் சுருதியை அவர் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம். ஆனால் குரல் நாணிலிருந்து உதடு வரையுள்ள குழாயின் நீளத்தை என்ன செய்வது? புல்லாங்குழலில் நீண்ட குழாய்க்குத் தாழ்ந்த ஒலி, குட்டைக் குழாய்க்கு உயர்ந்த ஒலி என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். வளர்ந்த ஆணுக்கு அந்தக் குழாய் சுமார் 17 சென்டிமீட்டர் இருக்கும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. குரல்வளையைச் சற்றே கீழே இறக்கி, உதட்டைக் குவித்துப் பேசினால் சிறிது நீட்டலாம், அவ்வளவுதான். மீதியை நம் மூளை நிரப்பிக்கொள்கிறது. இது நடிகையின் திறமையும் நம் செவியின் பெருந்தன்மையும் கலந்த விஷயம்.

வயதானால் நாண்களின் தசை மெலிகிறது, குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது. முதுமையில் ஆணின் குரல் சற்று உயர்கிறது, பெண்ணின் குரல் தாழ்கிறது. படத்தில் முகத்தைச் சுருக்கமே இல்லாமல் ஆயிரம் தடவை வரையலாம், தொண்டையை அப்படி வரைய முடியாது. இளம் முகத்திலிருந்து முதிய குரல் வருவதைவிட முகத்துக்கும் வயதாகிவிடுவது நேர்மை. இத்தொடரில் டேல் என்ற பாத்திரத்துக்குப் பேசிய ஜானி ஹார்ட்விக், சில பகுதிகளை மட்டும் பதிவு செய்துவிட்டு 2023-இல் காலமானார். அந்த இடத்துக்கு டோபி ஹஸ் என்ற சக நடிகர் வந்தார். மறைந்தவரின் குரலைக் கணினியில் நகலெடுத்துப் பேச வைக்கும் நுட்பம் இன்று இருக்கும்போதும் இன்னொரு மனிதரை அழைத்தார்கள். அதை நான் மதிக்கிறேன்.

சிறு பிள்ளைகளுக்கான தொடரில் காலம் நிற்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆண்டுதோறும் புதிதாக ஐந்து வயதுப் பிள்ளைகள் தொலைக்காட்சி முன் வந்து உட்காருகிறார்களே, அவர்களுக்குத் தோழர்கள் வேண்டும். குடும்பக் கதை வேறு. குடும்பத்தில் வேடிக்கை என்பதே காலம் மாற, ஆட்கள் மாற மறுப்பதில்தான் இருக்கிறது.

நம் கெடாவை வைத்தே ஒரு தொடரைக் கற்பனை செய்யுங்கள். 1997-இல் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் தொடங்கிய கதை. அப்பா விடியுமுன் பெரட்டுக்குப் போகிறார், அம்மா மங்கு துடைக்கிறார், பாட்டி வாசலில் வெற்றிலை இடிக்கிறார். அதையே இன்று தூசி தட்டி மறுபடி எடுத்தால் என்ன காட்டுவீர்கள்? பால் மரம் நின்ற இடத்தில் செம்பனை, செம்பனை நின்ற இடத்தில் தாமான். குடும்பம் சுங்கைப்பட்டாணியில் தொடர்வீட்டுக்கு வந்துவிட்டது. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் மகள் வேலை செய்கிறாள், தலை முதல் கால்வரை வெள்ளை உடை போட்டுத் தூசியே இல்லாத அறையில். மண்ணும் பாலும் ஒட்டிய உடையோடு வீடு திரும்பிய அப்பா, ஒரு துளித் தூசிக்குப் பயப்படும் மகளைப் பார்த்து என்ன சொல்வார்? அங்கே நகைச்சுவை தானாக வரும்.

பாட்டி இன்னும் நான்கு மணிக்கு எழுந்து வீட்டையே எழுப்புவார். அது பழக்கம் மட்டுமல்ல. முதுமையில் உடலின் உட்கடிகாரம் முன்னே நகர்கிறது. விடியுமுன் பால் வெட்டியதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் இலை வழியே நீர் இழப்பு குறைவு, மரப்பட்டையின் பால் குழாய்களில் அழுத்தம் அதிகம், அதனால் பால் நன்றாக ஓடும். இதெல்லாம் தெரிந்தவர் எழுதினால் தொடரில் சூரியன் சரியான நேரத்தில் உதிக்கும். தெரியாதவர் எழுதினால் நண்பகலில் பால் வெட்டுவார்கள். இந்த அறிவு உங்கள் தாத்தா பாட்டியிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ள இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதுதான் என் கவலை.

இன்னொன்று நம் நிறம். கணினி வரைகலையில் தோலை உயிருள்ளதாகக் காட்ட, ஒளி தோலுக்குள் புகுந்து சிதறி வெளியேறுவதைக் கணக்கிடுகிறார்கள். கறுத்த தோலில் மெலனின் அந்த ஒளியைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கிறது. மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் மினுமினுப்பே கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும். வெளிறிய தோலையும் நேர்முடியையும் முன்வைத்தே இந்த முறைகள் பெரும்பாலும் வளர்ந்தன என்று யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தியோடர் கிம் எழுதியிருக்கிறார். எண்ணெய் தேய்த்த சுருட்டை முடியும் வியர்வை மின்னும் கறுத்த கையும் திரையில் உயிரோடு தெரிய வேண்டுமானால், அவற்றைத் தினமும் பார்க்கும் ஒருவர் அந்தக் கணக்கில் கைவைக்க வேண்டும். ‘கூடுதல் கணிதம் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில்களில் இது ஒன்று.

மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமான ‘ஹிக்காயாட் சாங் கான்சில்’ யார் செய்தது தெரியுமா? ஃபிலெம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர். 1978-இல் தொடங்கிய அந்தச் சிறு படம் 1983-இல்தான் தொலைக்காட்சிக்கு வந்தது. இன்று நிலைமை வேறு. 2025-இல் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியா நாட்டின் ‘ஃப்ளோ’, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது. அதே மென்பொருளை நீங்களும் இன்று மாலையே பதிவிறக்கலாம்.

எடுத்த எடுப்பில் குடும்பம் வேண்டாம், ஒரு சொட்டுப் பாலில் தொடங்குங்கள். நொடிக்கு 24 படங்கள். தகரக் குழாயின் நுனியிலிருந்து விடுபட்ட சொட்டு, அடுத்த படத்தில் 0.85 செ.மீ. கீழே இருக்கும். இரண்டாவதில் 3.4, மூன்றாவதில் 7.7, நான்காவதில் 13.6. இடைவெளிகளைச் சமமாக வைத்தீர்களானால் பால் கயிற்றில் கட்டி இறக்கியதுபோல் இருக்கும். மேலே சொன்னபடி வைத்துப் பாருங்கள், மங்குக்குள் விழும்.