சனிக்கிழமை வாப்பா

எங்கள் அயல்வீட்டில் எட்டு வயதுத் தம்பி ஒருவன் இருக்கிறான். உம்மாவும் வாப்பாவும் பிரிந்தபோது, இரண்டு கிழமைக்கு ஒரு முறை சனிக்கிழமையில் அவன் வாப்பாவிடம் போய்வர வேண்டும் என்று எழுத்தில் முடிவானது. சில மாதங்கள் அது ஒழுங்காக நடந்தது. பிறகு வாப்பா தொழிலுக்காகக் கட்டாருக்குப் போனார். சனிக்கிழமை தாளில் மட்டும் மிஞ்சியது.

இப்போது தொலைபேசிதான். கட்டார் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். வேலை முடிந்து வாப்பா இரவு 9 மணிக்கு அழைக்கும்போது இங்கே பதினொன்றரை. தூங்கும் பிள்ளையை எழுப்ப உம்மாவுக்கு மனம் வராது. "புள்ளயோட கதைக்க விடுறாங்க இல்ல" என்று வாப்பா குறைப்படுகிறார். "புள்ள தூங்குற நேரமும் தெரியாதா?" என்று உம்மா கோபப்படுகிறார். இருவரிலும் கெட்டவர் இல்லை. பழைய ஏற்பாடு புதிய தூரத்துக்குப் பொருந்தவில்லை.

1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 10 ஆவது உறுப்புரை, பெற்றோர் வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்தாலும் இருவரோடும் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை என்கிறது. ஆகவே அதை உம்மா தரும் சலுகையாகவோ, வாப்பா நினைத்தபோது பயன்படுத்தும் உரிமையாகவோ பார்க்கக் கூடாது.

ஒருவர் தூரம் போகுமுன் இருவரும் மீண்டும் ஒரு முறை அமர்ந்து பேச வேண்டும். எந்த நாள், இலங்கை நேரப்படி எத்தனை மணிக்கு அழைப்பது? விடுமுறையில் வந்தால் பிள்ளை எத்தனை நாள் அவரோடு தங்கும்? பெருநாள் எந்த வருடம் யாருடன்? இவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டாரோ என்ற பயமும் நியாயமானதே. பிள்ளையின் கடவுச்சீட்டு யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே முடிவு செய்யலாம்.

"காசு அனுப்பினால்தான் பேசலாம்", "பேச விட்டால்தான் காசு" என்ற பேரம் மட்டும் வேண்டாம். பிள்ளையின் பொருட்டுத் தாயோ தந்தையோ துன்புறுத்தப்படக் கூடாது என்பது சூரத்துல் பகராவின் 233 ஆவது வசனம் நமக்குத் தரும் கட்டளை.

கட்டாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே பின்னேரம் 5 மணியாகும்போது அங்கே இரண்டரை, ஜும்ஆவும் முடிந்திருக்கும். தம்பியும் பாடசாலை விட்டு வந்து விழித்திருக்கும் நேரம். இருவரும் ஒரு தடவை பொறுமையாகக் கதைத்திருந்தால், முதல் மாதமே இது தெரிந்திருக்கும்.